ஐம்பது ஹொட் டோக் தின்றவரின் இடுப்பு ஏன் பெருக்கவில்லை?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

சாப்பாட்டுப் போட்டிகள் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டுப் பல வாசகர்கள் எழுதியிருந்தனர். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகன் இரவில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கைப்பேசியில் சாப்பாட்டுப் போட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் மெலிந்த உடம்புள்ள யப்பானியர் ஒருவர் பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது ஹொட் டோக் (பணிஸுக்குள் சொசேஜ் வைத்தது) சாப்பிடுகிறார். எனக்கோ ஒரு பிடி சோறு கூடினாலே சாரிச் சட்டை இறுகிவிடுகிறது. அவர் தின்றதெல்லாம் எங்கே போகிறது, டொக்டர்? வயிற்றில் பூச்சியா, மருந்தா, அல்லது கண்கட்டு வித்தையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பூச்சியும் இல்லை, மருந்தும் இல்லை, அவர் உண்மையாகவே சாப்பிட்டார். உங்கள் மகன் பார்த்தது தக்கேரு கோபயாஷியின் காணொளியாக இருக்கவேண்டும். நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் ஆண்டுதோறும் ஜூலை 4ஆம் திகதி நேதன்ஸ் உணவு நிறுவனம் நடத்தும் போட்டிக்கு 2001ஆம் ஆண்டு அவர் முதன்முதலாக வந்தபோது, அங்கே நிலைத்திருந்த சாதனை 25ஐச் சற்றே தாண்டியதாக இருந்தது. ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ள, 23 வயதான அந்த இளைஞர் அதை ஒரே மூச்சில் 50 ஆக்கினார். அவ்வளவு பெரிய எண்ணை எவரும் எதிர்பார்த்திராததால் ஆயத்தம் செய்திருந்த எண் அட்டைகள் தீர்ந்துபோய், மீதியைக் கையால் எழுதிக் காட்டவேண்டியதாயிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். அந்த ஹொட் டோக் ஒன்றில், பணிஸையும் சேர்த்து, ஏறத்தாழ 280 முதல் 300 கிலோகலோரி இருக்கிறது. ஐம்பது என்றால் பதினாலாயிரம், பதினையாயிரம் கிலோகலோரி. அதாவது ஒரு வளர்ந்த ஆணுக்கு ஆறு நாட்களுக்குப் போதுமான உணவு. கேட்பதற்குத் திகைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர்வதற்கு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி மிகுதியாக வேண்டும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைய நாளின் தேவைக்குச் செலவாவது, சமிபாட்டு வேலைக்கே செலவாவது, முழுமையாக உறிஞ்சப்படாமல் வெளியேறுவது எல்லாவற்றையும் கழித்தால், அந்தப் பேருணவிலிருந்து உடலில் கொழுப்பாகத் தங்கக்கூடியது மிஞ்சிப்போனால் ஒன்றரைக் கிலோ. போட்டி முடிந்த கையோடு தராசில் ஏறினால் ஐந்து கிலோவுக்கு மேல் கூடியிருக்கும் என்பது உண்மையே. அது இரைப்பையில் கிடக்கும் ரொட்டி, இறைச்சி, தண்ணீர் ஆகியவற்றின் பாரம். அது அடுத்துவரும் சில நாட்களில் தானாக இறங்கிவிடும்.

எஞ்சும் ஒன்றரைக் கிலோவை அவர்கள் எப்படிக் கரைக்கிறார்கள் என்றால், மற்ற நாட்களில் சாப்பிடாமல் இருந்துதான். இந்தத் துறையில் நின்று நிலைத்த போட்டியாளர்கள் போட்டிக்குப் பல நாட்களுக்கு முன்பே திட உணவைக் குறைத்து, நீராகாரத்துக்கு மாறி, வயிற்றையும் குடலையும் வெறுமையாக்கிக்கொண்டே மேசைக்கு வருகிறார்கள். முடிந்த பிறகும் சில நாட்களுக்குக் குறைவாகவே உண்கிறார்கள். பெரிய போட்டிகள் ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே உரியவை. இடுப்பின் சுற்றளவைத் தீர்மானிப்பது எவரும் படம்பிடிக்காத மற்ற நாட்கள்.

உங்கள் சாரிச் சட்டைக்கும் இதே கணக்குத்தான், அம்மா. இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட பால்தேநீர் ஒன்றும் அதோடு இரண்டு பிஸ்கட்டும் ஏறத்தாழ 150 கிலோகலோரி. தேவைக்கு மேற்பட்டு அதை மட்டும் ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொள்பவர் ஓராண்டில் 54,000 கிலோகலோரிக்கு மேல் கூட்டிக்கொள்கிறார். கோபயாஷி அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் தின்றதைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். இவருக்கு எவரும் கைதட்டுவதில்லை. மாலைத் தேநீரை ஒரு சாப்பாடாக நாமும் எண்ணுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போட்டியாளர்கள் எல்லோரும் மெலிந்தவர்கள் என்பது சரியல்ல. 2007ஆம் ஆண்டு கோபயாஷியைத் தோற்கடித்து, 2021இல் 10 நிமிடங்களில் 76 ஹொட் டோக் உண்டு உலக சாதனை படைத்த ஜோயி செஸ்ட்நட் 100 கிலோவைத் தாண்டியவர். பருமனான ஒருவர் நிறையச் சாப்பிட்டால் நம் கண் அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறது. 45 கிலோ எடையுள்ள சொன்யா தோமஸ் என்ற பெண்மணி 2012இல் 45 ஹொட் டோக் சாப்பிட்டார் என்றால் அது மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஒல்லியானவர்களின் காணொளிகளே அதிகம் பகிரப்படுவதால், எல்லோருமே ஒல்லி என்ற தோற்றம் உண்டாகியிருக்கிறது.

கேள்வி: உடம்பு பருக்காததற்கான கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஒரு மனித இரைப்பையில் அவ்வளவு உணவு எப்படிக் கொள்ளும்? மாணவர்களுக்கு உடற்றொழிலியல் கற்பிக்கும்போது இரைப்பையின் கொள்ளளவு ஒன்றரை லீற்றர் என்று சொல்லிக்கொடுத்த எனக்கு இது புரியவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி

பதில்: நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரி, ஐயா, ஆனால் அது வசதியாகக் கொள்ளும் அளவு. வெறும் வயிற்றில் இரைப்பையின் உட்புறத்தில் 50 முதல் 75 மில்லிலீற்றர் இடமே இருக்கிறது. கவளம் தொண்டையைக் கடக்கும்போதே, மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாக வரும் சமிக்ஞை இரைப்பையின் மேற்பாகத் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. இதனால் உள்ளழுத்தம் அதிகம் ஏறாமலே ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் வரை உள்ளே போய்விடுகிறது. அதற்கு மேல் செல்லும்போது சுவரிலுள்ள நீட்சி உணரிகள் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லத் தொடங்குகின்றன. அதையும் மீறினால் குமட்டல், பிறகு வாந்தி. இவற்றோடு, உணவு சிறுகுடலை எட்டிய பிறகு அங்கிருந்து சுரக்கும் கொலிசிஸ்டோகைனின் முதலிய ஓமோன்களும் நிறைவு உணர்வை உண்டாக்குகின்றன. ஆனால் இவை வேலைசெய்ய ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடங்கள் எடுக்கும். போட்டியோ முன்பு பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது, இப்போது பத்தே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஓமோன்களின் தடையை வேகத்தால் கடந்துவிடுகிறார்கள்; எஞ்சியிருப்பது இரைப்பைச் சுவரின் எதிர்ப்பு ஒன்றுதான்.

அந்தச் சுவருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக வைத்தியர்கள் எக்ஸ்ரே திரையில் நேரடியாகவே பார்த்தார்கள். 2007ஆம் ஆண்டு ஒரு கதிரியக்கவியல் சஞ்சிகையில் வெளியான அந்த ஆய்வில் இருவரே பங்குபற்றினர்: ஒருவர் 29 வயதான தொழில்முறைப் போட்டியாளர், எடை ஏறத்தாழ 75 கிலோ, மற்றவர் அவரைவிட உயரமும் எடையும் கூடிய, நன்றாகச் சாப்பிடக்கூடிய சாதாரண மனிதர். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியத்தைக் கலந்து கொடுத்து, ஹொட் டோக்குகளை உண்ணவைத்தபோது, சாதாரண மனிதர் ஏழாவதோடு நிறுத்திக்கொண்டார். இன்னொரு கடி கடித்தால் வாந்தி வந்துவிடும் என்றார். அப்போது அவருடைய இரைப்பை உணவால் ஓரளவு நிறைந்து, வழக்கமான அசைவுகளோடு உணவைக் கடைந்துகொண்டிருந்தது. போட்டியாளரோ பத்து நிமிடத்தில் 36ஐ முடித்தார். நிறுத்தியவர் அவரல்லர், ஆய்வாளர்களே. திரையில் தெரிந்த அவரது இரைப்பை அசைவு ஏதுமின்றித் தளர்ந்து, மேல்வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட ஒரு பெரும் பையாகக் கிடந்தது. தொடக்கத்தில் தட்டையாக இருந்த அவரது வயிறு வெளியே தள்ளி நின்றது. அந்த நிலையிலும் அவர் தமக்கு வயிறு நிறைந்ததாகத் தெரியவில்லை என்றார்.

இதே ஆய்வில் கிடைத்த இன்னொரு முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. இப்படிப்பட்டவர்களின் இரைப்பை உணவை விரைந்து குடலுக்குத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் இடம் உண்டாகிறது என்று ஓர் ஊகம் இருந்தது. அளந்து பார்த்தபோது, சாதாரண மனிதரின் இரைப்பை இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசி உணவை வெளியேற்றியிருக்க, போட்டியாளரின் இரைப்பை கால்வாசியையே வெளியேற்றியிருந்தது. அதாவது, உணவை விரைந்து கீழே அனுப்புவது அவருடைய திறமையாக இருக்கவில்லை. எதிர்ப்புக் காட்டாமல் விரிந்துகொடுப்பதே திறமையாக இருந்தது. ஆண்டுக்கணக்கான பயிற்சியே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஒரே ஒரு போட்டியாளரைச் சோதித்த ஆய்வு என்பதையும், பிறவியிலேயே இளகிய இரைப்பை உள்ளவர்கள் இத்துறையை நாடி வந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே இதைப் படிக்கவேண்டும்.

உங்கள் கேள்விக்கு மட்டுமன்றி, முதற் கேள்வி கேட்ட வெள்ளவத்தை வாசகிக்கும் இந்த ஆய்வில் ஒரு பதில் இருக்கிறது. நிறைவு உணர்வே வராத ஒருவர் எப்போது கையை எடுப்பார்? நாம் ‘வயிறு முட்டிவிட்டது’ என்று உணர்ந்து எழுந்துவிடுகிறோம். அவர் ஒவ்வொரு வேளையும் அளந்து, எண்ணி, இவ்வளவுதான் என்று தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளவேண்டியிருக்கிறது. அவர்கள் மெலிந்திருப்பதைப் பார்த்து அவர்களுடைய உடல் எதையும் எரித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் எண்ணத்தில் அது கணக்குப் பார்த்துச் சாப்பிடும் கடுமையான ஒழுங்கின் விளைவு. அந்த ஒழுங்கு வயது போகப்போகத் தளர்ந்தால், தடுத்து நிறுத்தும் உணர்வு இல்லாத நிலையில், மிகையான பருமனுக்கு ஆளாகக்கூடும் என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

கேள்வி: வயிற்றில் கொழுப்பு இல்லாதவர்களால்தான் அதிகம் சாப்பிட முடியும் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். அது உண்மையா?
– கே. எஸ்., கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் நண்பர் சொல்வது ‘கொழுப்புப் பட்டி’ என்று பெயர்பெற்ற ஓர் ஊகம். 1990களில் கோனி ஐலண்டில் வென்ற பெரிய உடம்புக்காரரான எட் கிராச்சி, தம்மைவிட மிகச் சிறிய யப்பானியரான ஹிரோபுமி நகாஜிமாவிடம் தோற்ற பிறகு, வயிற்றுக் கொழுப்பு ஒரு பட்டியைப்போல இரைப்பையை நெருக்கி விரியவிடாமல் தடுக்கிறது என்று வாதிட்டார். தோற்றவர் சொன்ன விளக்கம் என்பதால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வயிற்றறையின் உட்கொழுப்பு இடத்தை அடைத்துக்கொள்வது உடற்கூற்றியல்படி பொருத்தமானதே. ஆனால் 100 கிலோவுக்கு மேற்பட்ட செஸ்ட்நட் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டங்களை வென்றிருப்பதைப் பார்த்தால், கொழுப்பைவிட இரைப்பைச் சுவரின் இளக்கமும், தாடையின் பலமும், விழுங்கும் முறையும் பெரிய பங்கு வகிக்கின்றன என்றே சொல்லவேண்டும்.

முறை என்று சொன்னதற்கு விளக்கம் வேண்டும். கோபயாஷி சொசேஜை நடுவில் ஒடித்து இரண்டு துண்டையும் சேர்த்து வாயில் தள்ளினார். பணிஸைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து, காற்று போன கவளமாக விழுங்கினார். காய்ந்த பணிஸ் உமிழ்நீரைக் குடித்துவிடும் என்பதால் மற்றவர்கள் மென்றுகொண்டிருந்த நேரத்தை அவர் மிச்சப்படுத்தினார். இடையிடையே உடம்பை நெளித்து உணவைக் கீழிறக்கவும் செய்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் பணிஸைத் தோய்த்துத்தான் உண்கிறார்கள்.

கேள்வி: மேடையை விட்டு இறங்கியதும் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிடுகிறார்கள் என்கிறார்களே?
– வாசகர், மருதானை

பதில்: போட்டி நேரத்தில் வாந்தி எடுத்தால் தகுதி பறிபோய்விடும் என்பது விதி. அதற்குப் பிறகு திரைமறைவில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி ஊகம் சொல்வது என் வேலையன்று. மெலிந்திருப்பதற்கு வாந்தி அவசியமில்லை என்பதை முதற் பதிலின் கணக்கே காட்டும். ஆனால் உங்கள் வீட்டில் எவராவது, குறிப்பாக இளம் பிள்ளைகள், நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டால், அது சிகிச்சை வேண்டிய நோய். பல்லின் மிளிரியை அமிலம் அரிக்கும். குருதியில் பொற்றாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும். திட்டாமல் வைத்தியரிடம் அழைத்து வாருங்கள்.

கேள்வி: என்னுடைய நண்பன் ஒருவன் கல்யாண வீட்டில் ஆறு பேருக்கு வைக்கும் சஹன் தட்டுச் சோற்றில் பாதியைத் தனியே முடித்துவிடுவான், கோழிப் பொரியலும் வட்டிலப்பமும் வேறு. ஆனாலும் அவன் உடம்பில் ஒரு சுற்றுக்கூட ஏறவில்லை. நான் பக்கத்தில் இருந்து வாசம் பிடித்தாலே எடை கூடுகிறது. இது அநியாயமில்லையா?
– எம். ஆர்., தெமட்டகொடை

பதில்: ஓரளவுக்கு அநியாயந்தான். ஒரே அளவு மிகையுணவுக்கு ஒவ்வொரு உடலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது என்பதை இரண்டு நல்ல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1990இல் கனடாவில் குளோட் பூஷார் குழுவினர் ஒத்த இரட்டையர்களான 12 சோடி இளைஞர்களுக்கு, 100 நாட்களில் 84 நாட்களுக்கு, தேவைக்கு மேற்பட்ட 1,000 கிலோகலோரியைக் கொடுத்துக் கண்காணித்தனர். சராசரியாக 8.1 கிலோ கூடியது; ஆனால் குறைவாகக் கூடியவருக்கு 4.3 கிலோ, அதிகமாகக் கூடியவருக்கு 13.3 கிலோ. ஒரே சோடியைச் சேர்ந்த சகோதரர்கள் ஏறத்தாழ ஒரே அளவில் பருத்தனர். பரம்பரையின் கையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1999இல் அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டுக் கிழமைகள் அதே 1,000 கிலோகலோரியை மிகையாகக் கொடுத்தபோது, ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு வெறும் 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. வேறுபாட்டுக்குக் காரணம் உடற்பயிற்சியன்று. குறைவாகப் பருத்தவர்கள், தம்மை அறியாமலே, எழுந்து நடப்பதும் நிற்பதும் காலை ஆட்டுவதும் அங்குமிங்கும் அசைவதுமாக நாள் முழுவதும் மிகையான சக்தியைச் செலவழித்திருந்தனர். உங்கள் நண்பன் கதிரையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவனா, அல்லது கல்யாண வீட்டில் சஹனைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் பந்தி ஓடுபவனா என்று அடுத்த முறை கவனியுங்கள். கல்யாணம் இல்லாத நாட்களில் அவன் என்ன சாப்பிடுகிறான் என்பதையும் கேளுங்கள். நாம் ஒருவரின் பசியை அவர் விருந்தில் இருக்கும்போதுதான் அளக்கிறோம். காலையில் வெறும் பிளேன்டீயோடு வேலைக்குப் போய், மாலை வரை எதையும் தொடாதவர்கள் பலரை என் நோயாளர்களிடையே பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. நிறையச் சாப்பிட்டும் எடை கூடாமல் இருப்பது வேறு; நிறையச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போவது வேறு. தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், படபடப்பு, கை நடுக்கம், வியர்வை ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால், வெறும் வயிற்றில் குருதிச் சீனியையும் தைரொயிட் ஓமோனையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘அவனுக்கு என்ன தின்றாலும் ஒட்டாது’ என்று வீட்டார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த இளைஞர்களிடம் நீரிழிவைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

கேள்வி: இப்படிச் சாப்பிட்டவர்களுக்குப் பின்னாளில் கேடு எதுவும் வரவில்லையா?
– வாசகி, கொச்சிக்கடை

பதில்: கோபயாஷியையே எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டு, ஆறு முறை தொடர்ச்சியாக வென்ற பட்டத்தைக் காக்கவேண்டிய நேரத்தில், தாடை மூட்டு வாயைச் சரியாகத் திறக்க முடியாத அளவுக்குப் பழுதடைந்திருப்பதாக அறிவித்தார். 2024இல் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னபோது, தமக்குப் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அதே ஆண்டு செப்டெம்பரில் செஸ்ட்நட்டுக்கு எதிராக மீண்டும் மேடையேறி 66 ஹொட் டோக்கை உண்டார் என்பதும் உண்மை. செஸ்ட்நட் 83ஐ உண்டு வென்றார்.

நெடுங்காலப் பாதிப்புகளில் வைத்தியர்கள் அதிகம் அஞ்சுவது இரைப்பை வாதம். மீண்டும் மீண்டும் அளவுக்கு மீறி இழுபட்ட இரைப்பை சுருங்கும் ஆற்றலை இழந்து, உணவைக் குடலுக்குத் தள்ள முடியாமல் தேக்கிவைத்துக்கொள்ளும். ஓயாத குமட்டலும் வாந்தியும் தொடரும். கடுமையான நிலையில் இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையோ அகற்றவேண்டி வரலாம். நீண்டகால நீரிழிவினால் இதே நிலைக்கு ஆளானவர்களை நம் வைத்தியசாலைகளில் பார்க்கலாம். அவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர் எவரும் அதைப் பயிற்சி செய்து வரவழைத்துக்கொள்ள விரும்பமாட்டார். இதன்மேல், ஒரே அமர்வில் உட்செல்லும் உப்பின் அளவும் இருக்கிறது. குருதி அமுக்கம் உள்ளவருக்கு அதுவே போதும்.

கேள்வி: நான் முதற் கேள்வியைக் கேட்டவரின் அயலவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு இளையவனும் நண்பர்களும் வயிற்றை விரிக்கவென்று போட்டிபோட்டுத் தண்ணீர் குடிக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் பணிஸ் சாப்பிடும் போட்டியில் வெல்லவேண்டுமாம். தடுக்கவேண்டுமா, அல்லது பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டுவிடலாமா?
– ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: தண்ணீர்ப் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். சிறுநீரகங்கள் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடிய தண்ணீர் ஏறத்தாழ ஒரு லீற்றர்தான். குறுகிய நேரத்தில் பல லீற்றரைக் குடித்தால் குருதியில் சோடியம் நீர்த்துப்போய், மூளையின் கலங்கள் வீங்கத் தொடங்கும். தலையிடி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று வரிசையாக வந்து உயிரையே பறித்துவிடும். 2007ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு வானொலி நிலையம் நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட இளம் தாய் ஒருவர் அன்றே வீட்டில் இறந்துபோனார். தொழில்முறைப் போட்டிகளை நடத்துபவர்களே வீட்டில் பயிற்சி செய்யவேண்டாம் என்றுதான் சொல்லுகிறார்கள்.

பணிஸ் போட்டியை நான் தடைசெய்யச் சொல்லமாட்டேன். ஊரே கூடிச் சிரிக்கும் ஒரு விளையாட்டு அது. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று சற்று உற்றுப் பாருங்கள். கயிற்றில் பணிஸ் தொங்கும். கைகள் பின்னால் கட்டப்பட்டிருக்கும். ஆடும் பணிஸை அண்ணாந்து கவ்வவேண்டும். எவராவது கயிற்றை வேண்டுமென்றே இழுத்து ஆட்டுவார். கூட்டம் சிரிக்க, பிள்ளையும் வாய் நிறைய மாவோடு சிரிக்கும். அண்ணாந்த கழுத்து, காய்ந்த ரொட்டி, அவசரம், சிரிப்பு: மூச்சுக்குழாய்க்குள் உணவு இறங்குவதற்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கின்றன. யப்பானில் 2002ஆம் ஆண்டு, தொலைக்காட்சிப் போட்டிகளைப் பார்த்துப் பாடசாலையில் ரொட்டியை வேகமாகத் தின்ன முயன்ற சிறுவன் ஒருவன் தொண்டை அடைத்து இறந்த பிறகு, அங்கே வேகச் சாப்பாட்டு நிகழ்ச்சிகளையே தொலைக்காட்சிகள் நிறுத்திவைத்தன. உங்கள் விழா ஏற்பாட்டாளர்களிடம் சிறிய பணிஸைத் தெரிவுசெய்யவும், முகத்துக்கு நேரே தொங்கவிடவும், வாயில் இருப்பதை விழுங்கிய பிறகே அடுத்த கடி என்று விதி வைக்கவும் சொல்லுங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டு இருக்கட்டும்.

எவருக்காவது அடைத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் திடலில் ஒருவராவது தெரிந்துவைத்திருக்கவேண்டும். சத்தமாக இருமக்கூடியவரை இருமவிடுங்கள். முதுகில் தட்டவோ தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். பேச்சு வராமல், இருமலும் எழாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு நீலம் பாரித்தால் தாமதிக்கக்கூடாது. முன்னால் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாக அடியுங்கள். அடைப்பு வெளியேறாவிட்டால், பின்னால் நின்று இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையின் முட்டியை வைத்து, மற்றக் கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வேகமாக அழுத்துங்கள். அடைப்பு போகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கும் மிகப் பருமனானவர்களுக்கும் வயிற்றுக்குப் பதிலாக நெஞ்செலும்பின்மீது அழுத்தவேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. மயங்கி விழுந்தால் நெஞ்சழுத்தத்தைத் தொடங்குங்கள். இவை நடக்கும்போதே இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து, இலவச அம்புலன்ஸை வரவழைக்கவேண்டும். அழுத்தத்துக்குப் பிறகு அடைப்பு வெளியேறி, பிள்ளை சாதாரணமாகப் பேசினாலும் அன்றே வைத்தியசாலையில் காட்டிவிடுங்கள், உள்ளுறுப்புகளுக்குக் காயம் பட்டிருக்கலாம்.